இரண்டு ஆள் பிடிக்க வேண்டும்

அமெரிக்காவின் டுலூத் ஏரித் துறைமுகத்தில் கப்பல்களுக்கு இரும்புத்தாது கொட்டும் வேலையில் முப்பத்தோரு வருஷம் நின்றே தேய்ந்தவர் ஆர்விட் ஹௌகலா. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளும் மூத்திரம் குழாய் வழியாகப் பைக்குப் போனது. இன்று காலை எட்டு மணிக்கு நர்ஸ் குழாயை உருவிவிட்டு, கெடுவும் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் இரண்டு மணிக்குள் தானாகப் போக வேண்டும். இல்லையென்றால் குழாய் திரும்ப ஏறும். குழாயோடு இருப்பவரை நடை பழக்கும் வார்டில் எடுக்க மாட்டார்கள். திங்கட்கிழமை முதியோர் விடுதிக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் அங்கே போனார்கள். இரண்டு பேரும் நடந்து வெளியே வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு உதவியாள் மார்லிஸ் காலிப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன பெரியவரே, சொட்டுகூட இல்ல?"

"படுத்துக்கிட்டு எப்படிம்மா வரும்?" நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை அவருக்கு. "மைனஸ் முப்பதுல, ஏரிக்காத்துல நின்னு போனவன் நான். என்னை நிக்க வையி."

"நிக்க வைக்க ரெண்டு ஆள் பிடிக்கணும். அதுதான் ரூல்."

"அந்த ரெண்டாவது ஆள் எங்க?"

"பதினெட்டுக் கட்டிலுக்கு நான்தான் மொத ஆளு. ரெண்டாவது ஆளும் நான்தான்." வாசலுக்கு எதிரே மாட்டியிருந்த பலகையை மோவாயால் காட்டினாள். குழாயால் தொற்று வராத நாட்கள் அறுபத்தொன்று என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. "அதைத் துடைச்சு நம்பரை மாத்த மட்டும் தினம் ஒருத்தர் வர்றாரு."

ஒன்றரை மணிக்கு அந்த ஒருத்தரே வந்தார். வார்டு நிர்வாகி லுண்டீன். பளபளக்கும் ஷூ. பின்னால் ஐந்து பேர். ஏதோ பரிசு கொடுப்பதற்காக வார்டைப் பார்க்க வந்தவர்களாம். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நோயாளியின் மானம் மரியாதைதான் இங்கே முதல் என்று லுண்டீன் ஆரம்பித்தார். மானத்துக்கு உரியவரின் அடிவயிறு முரசு மாதிரி விம்மிக் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து முட்டிக்கொண்டு வந்தது. ஆர்விட் மணியை அழுத்தினார். மார்லிஸ் ஓடி வந்தாள்.

"நிக்கணும். இப்பவே."

"ரெண்டு ஆள் இல்லையே, பெரியவரே."

ஆர்விட்டின் வலது கை நீண்டு லுண்டீனின் கோட்டைப் பிடித்தது. கப்பலுக்குள் தாது கொட்டும் சரிவின் இரும்புக் கம்பியை முப்பத்தோரு வருஷம் இழுத்த கை அது. "இந்தா இருக்காரே ஒரு ஆளு."

"நான் நிர்வாகம் பார்க்கிறவன் ஐயா."

"கை இருக்குல்ல?"

வந்தவர்களில் ஒரு அம்மாள் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். "உங்க ரூல்படி ரெண்டு பேர்தானே? பிடிங்க சார்."

பிடித்தார். மாட்டுச் சாணியைத் தொடுகிறவர் மாதிரி முதலில் இரண்டு விரலால் பிடித்தார். மார்லிஸ் முறைத்ததும் முழுக்கையால் அணைத்தார். ஆர்விட் நின்றார். நின்றும் வரவில்லை. ஐந்து ஜோடிக் கண் வேடிக்கை பார்த்தால் யாருக்குத்தான் வரும்?

"எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்புங்க," என்றார். "கப்பல் வருதான்னு பாருங்க."

படித்தவர்கள் ஐந்து பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் திரும்பினார்கள். "ஒண்ணு வருதுங்க," என்றார் ஒருவர்.

அப்போதுதான் வந்தது. முதல் வீச்சு லுண்டீனின் ஷூவுக்குப் போனது. மிச்சமெல்லாம் பாட்டிலுக்கு. மார்லிஸ் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, வயிற்றில் மெஷினை வைத்துப் பார்த்தாள்.

"உள்ள நாப்பது மில்லிதான் நிக்குது. குழாய் வேணாம். திங்கக்கிழமை நீங்க நடை வார்டுதான்."

ஆர்விட் கண்ணை மூடித் திறந்தார்.

"பதினெட்டுக் கட்டிலுக்கு இவங்க ஒருத்தர்தானா?" என்று குறிப்பேட்டு அம்மாள் கேட்டாள். லுண்டீன் பலகையைக் காட்டுவதற்காக அவர்களை வெளியே ஓட்டினார். அவருடைய ஒரு ஷூ சதக் சதக் என்றது.

"மார்லிஸ்," என்றார் ஆர்விட், லுண்டீன் காதில் விழும்படியாகவே. "அடுத்த தடவையும் அந்தாளையே கூப்பிடு. பழகினா நல்லாப் பிடிப்பான்."