பச்சைப் பாவாடை

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் ஜெயகுமாரின் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் செத்துப்போனவர்களுக்காக வருகிறார்கள். ரேஷன் கார்டிலோ யாருடைய கல்யாண ஆல்பத்திலோ கிடக்கும் ஒரு தலையைக் கொண்டுவந்து, பதினாறாம் நாளுக்குள் மாலை போடத் தோதாக ஆக்கித் தரச் சொல்வார்கள். அந்தத் தலைக்கு ஓர் உடம்பை ஒட்டி, பட்டு உடுத்தி, கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி போட்டுவிடுவது ஸ்ரீப்ரியாவின் வேலை. உயிரோடிருந்தவரை மஞ்சள் கயிற்றைத் தவிர வேறெதுவும் கண்டிராத கழுத்தாக இருக்கும். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "செத்தவங்க விஷயத்துல எதுக்கும் இல்லேன்னு சொல்லப்பிடாது, கேட்டியா" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெயகுமார் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் அவளுக்கு எதையும் கற்றுத்தரவில்லை, அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.

மில் படங்களைக் கொண்டுவந்தது ஷிஜா. நகரத்தில் கண்காட்சிகள் நடத்துகிற ஒரு குழுவில் இருப்பவள். திருநெல்வேலிப் பக்கத்து நூற்பாலை ஒன்றில், அறுபது வருஷத்துக்கு முன்னால் வேலை செய்த பிள்ளைகளை எவரோ வெளியூர்க்காரர் எடுத்த படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. "இப்படியே வச்சா ஆளுகள் பண்டுகாலம்னு நினைச்சு நடந்து போயிடும். கலர் வந்தா நின்னு நோக்கும்" என்றாள் ஷிஜா. ஸ்ரீப்ரியா தலையாட்டினாள். நிற்பதும் நடப்பதும் பார்க்க வருகிறவர்கள் பாடு.

முதல் பூச்சை மென்பொருள் தானே பூசிவிடும். அதற்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு நிறம்தான். தோல் என்றால் சேற்றுப் பழுப்பு, துணி என்றால் மங்கின நீலம். பிறகு மனுஷர்கள் உட்கார்ந்து அதைத் திருத்த வேண்டும். ஒரு படத்தில் நூற்கும் எந்திரங்களின் வரிசைக்கு முன்னால் நான்கு சிறுமிகள் நின்றார்கள். நான்கு பேருக்கும் ஒரே நீலத்தைக் கொடுத்தால் சீருடை போலிருக்குமே என்று, ஒருத்திக்கு மஞ்சள், ஒருத்திக்கு ஊதா, ஒருத்திக்குக் காவி என்று கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் நின்றவளுக்குப் பச்சையைக் கொடுத்தாள். அவள் தலையில், காதுக்குப் பின்னால் வெள்ளையாக இருந்தது. பெண்பிள்ளை தலையில் வெள்ளை இருந்தால் வேறென்ன, பூதான். லேசாகச் சந்தன நிறம் ஏற்றி, அடியில் காம்புப் பச்சையும் தொட்டுவைத்தாள். மற்ற வெள்ளைப் புள்ளிகளையெல்லாம் படத்தின் கீறல் என்று துடைத்துவிட்டாள். கண்காட்சி தொடங்கியதும் பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் படம்தான் பிடித்தது. 'கஷ்டத்திலும் பூச்சூட மறக்காதவள்' என்று மலையாளத்தில் ஒரு வரி போட்டு அச்சடித்திருந்தார்கள். ஜெயகுமார் அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதத்து மதியம் ஒன்றில், துணிக்கடைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு அம்மாள் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றாள். நின்றாள் என்றால், வெகுநேரம் நின்றாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "இந்தப் படம் செஞ்சது யாரு?" என்று கேட்டாள். ஜெயகுமார் ஸ்ரீப்ரியாவைக் கைகாட்டினார்.

"மக்கா, அந்தக் கடைசிப் பிள்ளைக்க பாவாட பச்சதானா?"

"ஏம்மா கேக்கீங்க?"

"அது எங்க அக்கா. மாடம்மா."

ஜெயகுமார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் பெயர் முத்தாரம்மாள். இதே தெருவில் இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதும் மகேஷ்குமாரின் அம்மா. அக்கா பன்னிரண்டு வயதில் இருமி இருமிச் செத்துப்போனாளாம். அப்போது முத்தாரம்மாளுக்கு ஆறோ ஏழோ. வீட்டில் ஒரு படம் கிடையாது. ஆனால் அக்கா வீட்டைவிட்டுப் போகவுமில்லை. கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளை அந்தக் குடும்பத்துக் கன்னி. அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி, அதில் ஒரு சிறு பாவாடை, வளையல், சீப்பு. வருஷா வருஷம் ஆடியில் புதுப் பாவாடை வைத்துக் கும்பிட வேண்டும். பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தபோது அந்தப் பெட்டியை லாரியில் ஏற்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"எங்கம்ம செவப்புதான் வைப்பா. அவளுக்குப் பொறவு நானும் செவப்பே வச்சிட்டேன். ஏன்னு கேக்கல்ல. இப்பப் பாத்தா அவ பச்சயில்லா உடுத்தியிருக்கா." பையைத் தொட்டுக்கொண்டாள். "இத்தன வருசமும் பிடிக்காதத வச்சிருக்கோம். அதாம் போல, பயலுக்கு ஒரு எடமும் அமையாம தட்டிட்டே போவுது. கடக்காரன் இன்னைக்குள்ள வந்தா மாத்தித் தாரேம்னான். பச்சதானான்னு மட்டும் சொல்லு, போயி மாத்திட்டு வாரேன்."

"பச்சதாம்மா, சம்சயமே வேண்டாம்" என்றார் ஜெயகுமார். "கம்ப்யூட்டரு கண்டுபிடிச்சதாக்கும்."

ஸ்ரீப்ரியா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருந்துவிடலாம். அந்த அம்மாள் போய்ப் பச்சைத் துணி வாங்குவாள், பெட்டியில் வைப்பாள், மனம் ஆறும். யாருக்கு என்ன நஷ்டம்? எத்தனை கழுத்துக்குச் சங்கிலி போட்டிருக்கிறாள், ஒரு தடவைகூட உறுத்தியதில்லை. ஆனால் அந்தச் சங்கிலி பொய் என்பது கேட்டு வாங்குகிறவர்களுக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறார்கள். இந்த அம்மாளுக்குத் தெரியாது. தான் ஒரு மதியத்தில் சோம்பலாகத் தேர்ந்தெடுத்த பச்சை, செத்தவளின் விருப்பமாகி ஒரு வீட்டுக்குள் போய் உட்காரப்போகிறது என்று நினைத்தபோது ஸ்ரீப்ரியாவுக்குப் பயமாக இருந்தது.

"அது நான் போட்ட நெறம்மா" என்றாள்.

"நீயா?"

"நெசமான நெறம் என்னான்னு படத்துல இல்ல. மத்த மூணு பேருக்கும் வேற வேற போட்டேன். பச்ச மிச்சமிருந்தது, கடைசிப் பிள்ளைக்குப் போட்டுட்டேன்."

ஜெயகுமார் மின்விசிறியைப் பார்த்தார். முத்தாரம்மாள் பையை மடியில் இறக்கி வைத்தாள். கோபப்படுவாள் என்று ஸ்ரீப்ரியா எதிர்பார்த்தாள்.

"அவளுக்கு எப்பமும் மிச்சந்தான்" என்றாள் முத்தாரம்மாள். "அந்தப் பழைய படம் இருக்கா? நெறம் அடிக்காதது?"

ஸ்ரீப்ரியா திறந்து காட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு வெகு அருகில் குனிந்தாள். சாம்பல் நிறத்தில் அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. கலரில் சாடைதான் தெரிந்தது, இதில் ஆளே நிற்கிறாள் என்றாள். பிறகு விரலால் திரையைத் தொட்டாள்.

"இது என்னது தலையில?"

"பூ இல்லியாம்மா?"

"பூவா! மில்லுக்கு எவ பூ வச்சி அனுப்புவா? பஞ்சு மக்கா, பஞ்சு. வேல விட்டு வரும்ப தலயெல்லாம் நரச்சது மாதிரி வருவா."

ஸ்ரீப்ரியா படத்தைப் பெரிதாக்கினாள். இப்போது பார்த்தால் பஞ்சைத் தவிர வேறெதுவாகவும் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் திரளாக, வகிட்டில் சிதறலாக, புருவத்தில், தோளில், மேலுதட்டில்கூட ஒரு பிசிறு. கீறல் என்று அவள் துடைத்ததெல்லாம் அதுதான். அவமானமாக இருந்தது. ஃபோனை எடுத்து ஷிஜாவைக் கூப்பிட்டாள். "பேப்பர்ல வந்ததாக்கும், பேரக் கெடுக்காத" என்று ஜெயகுமார் அடிக்குரலில் சொன்னார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். எதிர்முனையில் ஷிஜா, "அய்யோ, பஞ்ஞியோ? அப்போ அந்தப் படத்தை இன்னைக்கே இறக்கணும். சரியாக்கி அனுப்பு ஸ்ரீ. ஒரு இழைகூட விடாதே" என்றாள்.

கண்காட்சிக்குப் பஞ்சு ஒரு இழைகூட விடாமல் வேண்டும். முத்தாரம்மாளுக்கு வேண்டியது வேறாக இருந்தது.

"எனக்கு அவள மட்டும் தனியா எடுத்துத் தருவியா, பெட்டிக்க மேல மாட்ட? நெறம் ஒண்ணும் வேண்டாம். இந்தப் பஞ்ச மட்டும் எடுத்துரு."

"எடுத்துரவா?"

"அம்ம தெனமும் வாசல்ல உக்கார வச்சி எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் சோறு போடுவா. நா வெளக்கு பிடிப்பேன். அதோடயே எப்படி மக்கா வீட்டுக்குள்ள ஏத்த?"

ஒரே சொடுக்கில் எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிடும் வசதி உண்டு. தினமும் அதைத்தான் செய்வாள். ஸ்ரீப்ரியா அதைத் தொடவில்லை. திரைத் தூரிகையில் சிறு முனையாக எடுத்துக்கொண்டு, வகிட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்தாள். முத்தாரம்மாள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னா, காதுகிட்ட." "புருவத்துல ஒண்ணு." "மெதுவா, மெதுவா" என்றாள் ஒருதடவை, வலிக்குமே என்பதுபோல. ஸ்ரீப்ரியாவும் மெதுவாகத்தான் எடுத்தாள். சிரிப்பு வரவில்லை. கடைக்குள் வந்த இரண்டு பேருக்கு ஜெயகுமார் அப்புறம் வரச் சொல்லி அனுப்பினார்.

கடைசியாக மேலுதட்டுப் பிசிறும் போனது. எண்ணெய் தேய்த்துச் சீவின தலையோடு, சாம்பல் நிறத்தில், ஒரு சாதாரணச் சிறுமி நின்றாள்.

"துணிய மாத்தப் போறீங்களாம்மா?" என்று ஸ்ரீப்ரியா கேட்டாள்.

முத்தாரம்மாள் பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து உதறினாள். மெல்லிய பருத்தி. அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, திரையில் அக்காவின் இடுப்புக்குக் கீழே வைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். கொஞ்சம் மேலே ஏற்றினாள். திரையின் வெளிச்சம் துணிக்குள்ளே புகுந்து இழை இழையாகச் சிவந்து எரிந்தது. துணிக்குக் கீழே இரண்டு சாம்பல் நிறப் பாதங்கள், செருப்பில்லாமல்.

"சேருதா மக்கா?" என்று திரும்பாமலே கேட்டாள்.