ஒரு சாண் ஆழம்

அண்ணன் கதவைத் தட்டியபோது அவள் துவைத்த துணிகளை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறைக்கதவை யாரும் தட்டுவதில்லை. மற்ற நாள்களிலும் தட்டுவதில்லை என்பது வேறு விஷயம். ஆறு வருடத்தில் தண்ணீர் கேன் போடுகிறவரும், வீட்டுக்காரரும், ஒருமுறை விலாசம் மாறி வந்த கல்யாணத் தரகரும்தான் அந்த வாசலில் நின்றிருக்கிறார்கள். தரகர் அவள் தலைமுடியில் இருந்த நரையைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்ததில் அண்ணனுடைய சட்டை கசங்கியிருந்தது. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். கட்டில் விளிம்பில் அவள். அவர் சுவரைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த கடற்கரை வரைபடத்தைப் பார்த்தார், ஒற்றைப் பர்னர் அடுப்பையும் அதன்மேல் ஒரே ஒரு பாத்திரத்தையும் பார்த்தார்.

"இதுலயா சமைக்கிற?"

"ஒரு ஆளுக்கு இது போதும்ணே."

டீ போட்டுக் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார். "வடகோடி ஊருல ஆழம் ஒன்னு ஏழாமே?"

"கூட்டத்துக்கு முன்னாடி நான் அதையெல்லாம் சொல்லக் கூடாது."

"நீ எதுக்குச் சொல்லணும்? உன்னை ஏத்திட்டுப் போனவன் உன் நோட்டை எட்டிப் பார்த்துட்டு டீக்கடையில வந்து சொல்லிட்டான். அவங்களுக்கு ஒன்னு ஏழு மீட்டரு. நமக்கு ஒன்னு ஒம்போது." வலது கையை விரித்து, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இருந்த இடத்தை அவளுக்குக் காட்டினார். "இருபது சென்டிமீட்டர். ஒரு சாண் பாப்பா. இவ்வளவுதான்."

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. உலகத்தில் அவளைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். மற்ற எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா.

அந்தக் கரையில் வரிசையாக நான்கு துறைமுக ஊர்கள். நான்கிலும் ஆறு கடலில் கலக்கும் வாயில்தான் துறைமுகம், நான்கிலும் அந்த வாயை மணல் வந்து அடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் இந்த நான்கு ஊர்க்காரர்களும் நடுக்கடலில் வலையை அறுத்துக்கொண்டு, கரைக்கு வந்து கல்லெறிந்துகொண்டவர்கள். தனித்தனியாகத் தூர்வாரும் கப்பல் வாங்க எந்த ஊருக்கும் வக்கில்லை என்பது புரிந்த பிறகுதான் உட்கார்ந்து பேசினார்கள். கூட்டுக் குழு ஒன்று அமைந்தது. பொதுவில் ஒரு மீன் சந்தை, பொதுவில் ஒரு குளிர்பதனக் கிடங்கு என்று பெரிய பட்டியல் போட்டார்கள். அதில் முதலில் கைக்கு வந்தது ஒரு கப்பல்தான். ஒரு முகத்துவாரத்தைத் தூர்வார நாற்பத்தைந்து நாள் ஆகும். காற்றுக் காலம் தொடங்குவதற்குள் இரண்டு ஊரைத்தான் முடிக்க முடியும். மூன்றாவது ஊர் என்றால் அடுத்த வருடம் என்று அர்த்தம். எந்த ஊர் முதலில் என்று மூன்று கூட்டம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அவளைக் கேட்டார்கள். குழுவுக்காக ஆழம் அளக்க அவள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். "ஆழம் குறைவா இருக்குற ஊருக்கு முதல்ல போகட்டும் சார்" என்றாள். அந்த ஒரு வரி அப்படியே விதியாகிப் புத்தகத்தில் ஏறியது.

ஆறு வருடமாக விதி சரியாகத்தான் நடந்தது. வருடத்தில் மூன்று மாதம் அவள் ஊர் ஊராகப் போய் விடுதி அறைகளில் தங்குவாள். விடிந்ததும் வாடகைப் படகில் ஏறி, முகத்துவாரத்தின் குறுக்கே கோடு போட்டதுபோல் நேராகப் போய், திரும்பி, மறுபடி நேராக வந்து, ஒவ்வொரு பத்தடிக்கும் ஆழம் குறிப்பாள். அளந்து முடிக்கும்வரை எந்த ஊரிலும் அவளுக்கு ராஜ உபசாரம்தான். யாராவது ஒருத்தர் வீட்டில் சாப்பாடு, யாராவது ஒருத்தர் வண்டியில் சவாரி. பட்டியல் வெளியானதும் இரண்டு ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும், இரண்டு ஊர் பார்த்தும் பாராததுபோல் போகும். பட்டியல் மாற மாற ஊர்களும் மாறும். அவள் இதைப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த ஊரின் வாய் மட்டும் அதுவரை அவ்வளவாக அடைபடாததால் இந்தக் கணக்கில் மாட்டவில்லை.

இந்த வருடம் மாட்டியது. அளந்த ஆழத்தில் அந்த நேரத்து நீரேற்றத்தைக் கழித்துத்தான் கடைசி எண்ணை எழுத வேண்டும். அந்தக் கழித்தலில் கொஞ்சம் கை வைத்தால் நான்கு ஊரிலும் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது. அண்ணனுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவளுக்குத் தெரியும்.

"காத்து ஆரம்பிச்சா நம்ம வாயில பெரிய படகு நுழைய முடியாது" என்றார் அண்ணன். "போன வருஷமே தேய்ச்சுக்கிட்டுத்தான் வந்தேன். இதுக்கு மேல உன்கிட்ட நான் என்ன சொல்ல?"

அவ்வளவுதான் கேட்டார். அப்பா போன பிறகு பதினாறு வயதில் படகேறியதைச் சொல்லவில்லை. அவள் படிக்கட்டும் என்று தன் பள்ளிப் பையை அவளுக்குக் கொடுத்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொந்த ஊர் முகத்துவாரத்துக்கு யாரிடமும் சொல்லாமல் போய், பக்கத்து ஊர்ப் படகு ஒன்றைப் பிடித்து மறுபடி அளந்தாள். இரண்டு வாரத்தில் மணல் நகர்ந்திருக்கலாம், நம் ஊரின் ஆழம் குறைந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. ஒவ்வொரு கோட்டிலும் கருவியைப் பார்த்து, குறையேன், குறையேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நீரேற்றத்தைக் கழித்தபோது அதே ஒன்று புள்ளி ஒன்பது. மணல் இருந்த இடத்திலேயே இருந்தது.

வடகோடி ஊரில் அளந்த நாளும் ஞாபகத்துக்கு வந்தது. படகோட்டியவன் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவன், முகத்துவாரத்துக்கு நடுவில் ஓரிடத்தில் திடீரென்று நிறுத்தினான். "இங்கதான்க்கா என் மச்சான் போனான். போன வருஷம். அவன்கூட இன்னொருத்தனும்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கரை வரும்வரை பேசவில்லை.

அவள் ஒன்று ஏழு என்றும் ஒன்று ஒன்பது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கூட்டத்தில் அறிக்கையை வாசித்தாள். மணலில் முழுக்க மூடிப்போன இன்னொரு ஊருக்கு முதல் இடம் என்பதில் தகராறு இல்லை. இரண்டாவது இடம் வடகோடி ஊருக்கு. அவள் ஊரின் சார்பில் வந்திருந்த ஐஸ் கம்பெனி முதலாளி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார், அதன் பிறகு கூட்டம் முடியும்வரை அதை எடுக்கவில்லை. வடகோடி ஊர்ப் பிரதிநிதி வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"சொந்த ஊரு மேல உங்களுக்கு அப்படி என்னம்மா கோபம்?" என்று பாராட்டுவதாக நினைத்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அன்றிலிருந்து அண்ணன் போன் எடுக்கவில்லை. அண்ணி எடுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டாலும் "தூங்குறாரு", காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டாலும் "தூங்குறாரு." அதற்குப் பிறகு அண்ணிக்கு அதைச் சொல்லும் சிரமம் வேண்டாமே என்று அவளே கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாயின. துணி துவைத்து, தரையைத் துடைத்து, ஜன்னலைத் துடைத்து முடித்தாலும் மணி பத்தைத் தாண்டாது. சில நாள் காய்கறிக் கடைக்கு இரண்டு முறை போவாள். காலையில் வெங்காயம், சாயங்காலம் தக்காளி. கடைக்காரரிடம் இரண்டு தடவை பேசலாம்.

காற்றுக் காலம் தொடங்கி மூன்றாம் வாரம், அலுவலகத்துக்கு ஒரு விபத்து அறிக்கை வந்தது. நான்கு ஊரில் எங்கே படகு தட்டினாலும் ஒரே படிவம்தான் வரும். அதில் ஆழம் என்ற கட்டத்தை மட்டும் அவள் நிரப்பிச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். அவளே வடிவமைத்த படிவம். முதல் கட்டத்தில் ஊர்ப் பெயர். இரண்டாவதில் படகின் பதிவு எண். அதைப் படித்துவிட்டு அவள் மறுபடியும் படித்தாள். ஏழு இலக்கம். படகு வாங்கிய அன்று அண்ணன் அதைப் பலகையில் சாயத்தால் எழுத, பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகச் சொன்னவள் அவள்தான்.

மணல் திட்டில் மோதிப் படகு குறுக்கே திரும்பியது. அடிப்பலகை பிளந்தது. பணியாளர் இருவர் நீந்திக் கரை சேர்ந்தனர். ஓட்டுநருக்கு இடுப்பிலும் வலது காலிலும் எலும்பு முறிவு. மருத்துவமனையில் இருக்கிறார். தேதியைப் பார்த்தாள். நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாளாக ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. 'அளவை அறிக்கைப்படி ஆழம்.' செயலாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "மேடம், அந்தப் படிவம் மட்டும் இன்னைக்கே வேணும்" என்றார். அவருக்கு அந்தப் படகு யாருடையது என்று தெரியாது. அவள் 1.9 என்று தட்டினாள். எண் கோணலாக விழுந்ததுபோல் தோன்ற, அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள்.

மருத்துவமனையில் அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். கால் முழுக்கக் கட்டு. அண்ணி எழுந்து நின்று, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நோயாளியைப் பார்க்க வரும் தூரத்துச் சொந்தக்காரர்களுக்குப் போடுவதுபோல. "டீ சொல்லட்டுமா?" என்றாள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அண்ணே."

அண்ணன் திரும்பவில்லை. அவர் தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. சுவரைப் பார்த்தபடியே மனைவியிடம் சொன்னார். "மீட்டரக்கா வந்திருக்காங்க போல. உக்காரச் சொல்லு."

வந்திருக்காங்க. அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். ஸ்டூலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எதிர்க் கட்டில்காரரைப் பார்க்க ஒரு பெரிய குடும்பமே வந்து சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. கிளம்பும்போது அண்ணி லிஃப்ட் வரை வந்தாள். "கோபம் உன்மேல இல்ல. படகு போனதுதான்" என்றாள். அது பொய் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அண்ணி அதைச் சொல்ல லிஃப்ட் வரை நடந்து வந்திருக்கிறாள் என்று தன் அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்தக் காற்றுக் காலத்தில் வடகோடி ஊரில் ஒரு படகும் தட்டவில்லை. அங்கிருந்து யாரோ அலுவலகத்துக்கு ஒரு கூடை மீன் அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். தன் பங்கை அவள் காவலாளியிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருட அளவைக்கு முதலில் தன் ஊரையே வைத்துக்கொண்டாள். துறைமுகச் சாலையில் எல்லோரும் தெரிந்த முகங்கள்தான், யாரும் நிற்கவில்லை. முதல் நாள் படகு கேட்டபோது இன்ஜின் ரிப்பேர் என்றார்கள். இரண்டாம் நாள் ஓட்ட ஆள் இல்லை என்றார்கள். பத்துப் பதினைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்த இடத்துக்கு முன்னால் நின்றுதான் ஆளில்லை என்ற பதிலைக் கேட்டாள். கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படகுத்துறைப் படியில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள். குழுவுக்கு எழுதினால் தென்கோடியிலிருந்து படகு அனுப்புவார்கள். எழுத மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது துறையில் ஒரு சின்னப் படகு கட்டியிருந்தது. பின்பக்கப் பலகையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கைத்தடி காலடியில் கிடந்தது. எப்படி இறங்கினார், யார் இறக்கிவிட்டார்கள் என்று தெரியவில்லை. இளைத்திருந்தார், தாடி முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்க்காமல், அவள் கையில் இருந்த பெட்டியை வாங்க மட்டும் கையை நீட்டினார். அதைக் கொடுத்துவிட்டு அவள் ஏறினாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். முழங்கால்களுக்கு நடுவில் இரண்டடி இடைவெளி.

அளவைப் படகு ஓட்டுவது எல்லோருக்கும் வராது. ஆற்று நீர் வெளியே தள்ளும், அலை உள்ளே தள்ளும், இரண்டுக்கும் நடுவில் கோடு பிசகாமல் போக வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடம் இடது, வலது, மெதுவா என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள். அன்று ஒருமுறைகூட வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவள் நினைப்பதற்குள் படகு திரும்பியது. ஆறு கோடு முடிந்தது, ஏழு முடிந்தது. எண்களைக் குறிக்கும் பென்சில் சத்தமும் இன்ஜின் சத்தமும் மட்டும்.

எட்டாவது கோட்டின் நடுவில் அவர் இன்ஜினைத் தணித்தார். எந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. விபத்து அறிக்கையில் அந்த இடத்தின் குறியீட்டைப் படித்திருக்கிறாள்.

"எவ்வளவு?" என்றார்.

அவள் கருவியைப் பார்த்தாள். அன்றைய நீரேற்றத்தை மனசுக்குள் கழித்தாள். இன்னொரு முறை கழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒன்னு நாலு."

அவர் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப இந்த வருஷம் கப்பல் இங்க வந்துரும்."

ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்தது. பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் மூணு ஊரு அளக்கணும்."

அண்ணன் நிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று பிடிபடவில்லை. வெயில் நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு இன்ஜினை முடுக்கி, அடுத்த கோட்டுக்குப் படகைத் திருப்பினார்.

முன்னால், கரையிலிருந்து வெகுதூரத்தில், சுற்றிலும் கடலாக இருந்த இடத்தில் வெள்ளைப் பறவைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மிதக்கவில்லை, நின்றுகொண்டிருந்தன. கணுக்கால்தான் நனைந்திருந்தது. படகு நேராக அவற்றை நோக்கிப் போனது. முதல் பறவை ஒரு காலை எடுத்து, கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் வைத்தது. எதுவும் பறக்கவில்லை.