மூடியில் இரண்டே தாள்

மதியம் பஸ்ஸில் உட்கார்ந்து டூல்பாக்ஸைத் திறந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் மூடியை மறுபடி மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து மூன்று கம்ப்யூட்டருக்குப் புது ஹீட்சிங்க் மாட்டியிருந்தாள். மூடியில் ஒட்டியிருந்ததோ இரண்டே பிளாஸ்டிக் தாள்.

ஹீட்சிங்க் பெரிய மாயமொன்றுமில்லை. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரின் தலைமேல் உட்கார்ந்து சூட்டை இழுத்துக்கொள்ளும் அலுமினியக் கட்டி. மேலே சுற்றும் ஃபேன் அந்தச் சூட்டை ஊதித் தள்ளும். புதுசின் அடியில் மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டினால் சூடு மேலே போகாது. ப்ராசஸர் நூறு டிகிரியை நெருங்கியதும் தானாகவே அணைந்துவிடும். உரித்த தாளை மூடியில் ஒட்டுவது அவள் வழக்கம். முதல் இரண்டும் நன்றாக நினைவிருந்தது. மூன்றாவது, அண்ணி வேலை பார்க்கும் ஆம்புலன்ஸ் அறை. அண்ணி வாய் ஓயாமல் பேச, இவளும் சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டாள். அந்த அறைக்கு அது ஒன்றுதான் கம்ப்யூட்டர். போன் வருவதும் முகவரி ஏறுவதும் அதில்தான்.

அண்ணியின் செல்போன் அணைந்திருந்தது. அடுத்த நிறுத்தத்தில் குதித்து, அந்த அறைக்கே விழுந்தடித்து ஓடினாள்.

"என்ன ஸ்பேனர், அண்ணியை விட்டுப் பிரிய மனசில்லையா?" ஸ்பேனர், அண்ணி அவளுக்கு வைத்த பட்டப்பெயர்.

"அண்ணி, மெஷினை உடனே நிறுத்துங்க. தப்புப் பண்ணிட்டேன்."

அதற்குள் மணி அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு தாய் கதறினாள். குழந்தை எதையோ விழுங்கிவிட்டது, மூச்சு வரவில்லை. அண்ணி இவளைக் கையமர்த்திவிட்டுத் தட்டத் தொடங்கினாள். தெரு ஏறியது, வீட்டு எண் ஏறியது. திரையின் ஓரத்தில், சற்றுமுன் இவளே வைத்துவிட்டுப் போன சின்னக் கட்டத்தில் ப்ராசஸர் சூட்டின் டிகிரியும் ஏறிக்கொண்டிருந்தது. சட்டென்று திரை கறுத்தது. அந்தத் தாயின் குரலும் அறுந்தது. திரும்பக் கூப்பிட அவள் நம்பரும் அதற்குள்தான்.

அண்ணி வயர்லெஸ்ஸில் டிரைவருக்குத் தெருவைச் சொன்னாள்.

"கிளம்பிட்டேன். வீட்டு நம்பர்? அந்தத் தெருவுல நூறு வீடு இருக்கு."

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. "பாத்துப் பாத்து அடிச்சேனே... நீ பாத்தியா?"

பார்த்திருந்தாள். இரண்டு எண்கள் கண்ணிலேயே நின்றன, தொண்ணூற்றேழும் எழுபத்தொன்பதும். எது டிகிரி, எது வீடு என்பதைப் பயம் துடைத்துவிட்டிருந்தது. தப்பு என்னுடையது, துடிப்பது யாரோ பெற்ற பிள்ளை என்று நினைத்தபடி கறுத்த திரையையே வெறித்தாள். பிறகுதான் உறைத்தது. எழுபத்தொன்பதில் எந்த ப்ராசஸரும் அணையாது. அப்படியென்றால் தொண்ணூற்றேழுதான் டிகிரி, மற்றது வீடு.

"எழுபத்தொம்பது."

"நிச்சயமா?"

"நிச்சயம் அண்ணி." அண்ணி அதை வயர்லெஸ்ஸில் சொன்னாள்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மெக்கானிக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றினாள். கீழே ப்ராசஸர் தொட முடியாமல் கொதித்தது. மேலே ஹீட்சிங்க் ஜில்லென்று இருந்தது. நடுவில், போட்டது போட்டபடி தாள். உரித்து, சூடு கடத்தும் பசையைத் துடைத்து, புதுசு தடவி மாட்டினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. வயர்லெஸ் மட்டும் வாய் திறக்கவில்லை. அண்ணி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் டிரைவரின் குரல் வந்தது. "சரியான வீடுதான். குழந்தை அழுவுது."

மெக்கானிக் மூன்றாவது தாளை டூல்பாக்ஸ் மூடியில் ஒட்டப் போனாள், அது விரலிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அண்ணி அதை வாங்கி, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் அழுத்தி ஒட்டினாள். மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, டிகிரிக் கட்டத்தைப் பார்த்தபடி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள்.