எலிகளுக்கு உப்புத்தண்ணீர்

எழுந்தேன். பல் தேய்த்தேன். காபி குடித்தேன். அடுப்பை அணைத்துவிட்டேனா என்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பூட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது மாமியார் போனில் வந்தார். தினமும் இதே நேரம், இதே கேள்வி.

"மாப்பிள்ளை, கடைசியா அவ என்னதான் சொன்னா?"

"பஸ் வந்துடுச்சு அத்தை."

ஆய்வுக்கூடத்துக்கு நான் நடந்துதான் போகிறேன்.

ஆபரேஷன் அறைக்குள் போய்த் திரும்பாத என் மனைவியின் கையை வாசல்வரை பிடித்திருந்தவன் நான் ஒருவன்தான். அவள் சொன்னதை அவளைப் பெற்றவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

என் பிழைப்பு எலிகளின் ஈரல். எலி பயந்தால் அட்ரீனல் சுரப்பி ஒரு ஹார்மோனை அனுப்பும். ஈரலில் ஒரு மரபணு விழித்துக்கொள்ளும். சுரப்பியை எடுத்துவிட்டு, ஹார்மோனை ஊசியில் கொடுத்து, மரபணு எவ்வளவு எழும்புகிறது என்று அளப்பேன். சுரப்பி இல்லாத எலியின் உடம்பில் உப்பு தங்காது. குடிக்க உப்புத்தண்ணீர் வைக்காவிட்டால் செத்துப்போகும். கல்யாணமான புதிதில் ஒரு முறை மறந்தேன். அதிலிருந்து என் மனைவி மதியம்தோறும் துணிக்கடையிலிருந்து போன் செய்து நினைவூட்டுவாள். என் ஆராய்ச்சியில் அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான். எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அன்று காலை நான் போனபோது எலிகள் மூலையில் சுருண்டு கிடந்தன. கூண்டைத் தட்டினாலும் அசையவில்லை.

"தண்ணி வெச்சது யாருப்பா?" என்றார் பேராசிரியர்.

"நான்தான் சார்."

பாட்டிலைக் கழற்றி நாக்கில் விட்டுப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர். எலி பாட்டிலில் வாய் வைத்த முதல் ஆராய்ச்சி மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

"கொஞ்ச நாள் வீட்ல இருப்பா."

"வீட்ல எலிகூட இல்ல சார்."

அதைக் கொட்டி உப்புத்தண்ணீர் வைத்துவிட்டுக் கூண்டருகே உட்கார்ந்தேன். மதியம் ஆனது. போன் அடிக்கவில்லை. கடைசியில் ஒரு எலி தள்ளாடி வந்து குழாயை நக்கியது. பிறகு இன்னொன்று. நானே மாமியாரை அழைத்தேன்.

"அத்தை, சொன்னா திட்டக்கூடாது."

"என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா? பரவால்ல, சொல்லுங்க."

"என்னைப் பத்தியும் இல்ல அத்தை."

ஆபரேஷன் அறைக் கதவு மூடுவதற்குமுன் அவள் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் கேட்டதற்கு, மயக்க மருந்து பேசுகிறது என்று நர்ஸ் சிரித்தாள்.

"எலிக்காரா, உப்புத்தண்ணி வெச்சியா?"