வீட்டில் யாராவது

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கணக்கெடுப்பில் கிடைத்தது. பெருமுக்கல் பக்கத்து ஊர் ஒன்றில், வெள்ளத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அழுகிய மாதம், கணக்கெடுக்க வந்த சங்கவி சூர்யகலாவிடம் கேட்டாள்.

"வீட்ல யாராவது ஒருவேள சாப்பிடாம இருந்தீங்களாக்கா?"

"யாரும் இல்லம்மா."

பக்கத்தில் நின்ற பெண்கள் சங்கத் தலைவி தனம் விடவில்லை. "நீ ஒரு வாரமா காலையில ஒண்ணும் துன்றதே இல்லியேடி."

"என்னியா கேட்டாங்க? வீட்ல யாராவதுன்னுதான கேட்டாங்க."

2
(தொடக்கம் ஒன்று: "வானம் கறுத்துத் திரண்டு..." அடித்துவிட்டேன். எனக்குக் கதை பேச்சாகத்தான் காதில் விழும், வானம் பேசாது.)

(தொடக்கம் இரண்டு: "பாவம் சூர்யகலா..." இதைப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள். அரை ஏக்கர் சொந்தமாய்ப் பயிர் வைக்கிறவள்.)

3
சங்கத்தில் மூன்று டிரம் கேப்பை இருக்கிறது. சூர்யகலாவையும் சேர்த்து இருபது பெண்கள் அறுவடைதோறும் ஆளுக்கு நான்கு படி போட்டுச் சேர்த்தது. முடியாதவர்கள் கேட்டால் கொடுப்பார்கள். சூர்யகலா கேட்கமாட்டாள். அவளுக்குப் பால் குடிக்கும் குழந்தை. பாலோ குறைந்துகொண்டே வந்தது.

4
சங்கக் கூட்டத்தில் தனம் சொன்னாள்: "இனிமே யாருகிட்டயும் பசிக்குதான்னு கேக்கறதில்ல. தெனம் காலையில எல்லாருக்கும் இங்கியே கூழு."

சங்கத்துப் பெண் பானுப்ரியாவுக்குப் புரியவில்லை. "எங்க வூட்லதான் இருக்குதேக்கா?"

"ஒன் கூழுல உப்பே இருக்காது. இங்க வந்து குடி."

(முதல் வரைவில் தனத்தை மேடையேற்றி, "சகோதரிகளே, நாம் ஒன்றுபட்டு..." என்று பேசவைத்தேன். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. யாரிடமும் மனு கொடுக்காமல் 'பசிக்கிறதா' என்ற கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிட்டார்களே, அந்தப் பெருமையில் நான்தான் கொஞ்சம் கத்திவிட்டேன்.)

5
மறுநாள் காலை, இருபது கிண்ணம். சூர்யகலா தன்னுடையதைத் தட்டால் மூடினாள்.

"பெரிய பையனுக்கு எடுத்துக்கினு போறேங்க்கா."

"அவனுக்குத் தூக்குல ஊத்தியாச்சி. இது ஒனக்கு," என்றாள் தனம்.

"அப்பறமா குடிக்கிறேன்."

"சரி. நாங்களும் அப்பறமாவே குடிக்கிறோம்."

பத்தொன்பது கிண்ணங்களும் தரைக்கு இறங்கின.

"என்னாக்கா இது பேஜாரு," என்றாள் சூர்யகலா.

முடிவு அ: அவள் அழுதுகொண்டே... இல்லை. அவளை அழவைக்க நான் யார்?

முடிவு ஆ: அவள் எழுந்து வாசலை நோக்கி... எழுதக் கை வரவில்லை.

முடிவை நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் ஜல்தியாக. பத்தொன்பது பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.