மடங்காத கூரைக்கு மடக்குக் கம்பி

காலையிலிருந்து பதினேழாவது முறையாக மச்சான் அந்தக் காரைச் சுற்றி வந்தார். இடதுபக்கம் நின்றால் மனசு குளிர்ந்தது. வலதுபக்கம் போனால் நடை தானாக வேகமெடுத்தது. நடுவில் டிக்கிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றாமல் இருந்தது. அங்கேயே தங்கிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

பட்டறையில் எல்லோருக்கும் அவர் மச்சான்தான். முதலாளிக்கு அக்கா புருஷன். முதலாளி கூப்பிடுவதைக் கேட்டு பெயின்டர் கூப்பிட்டு, கடைசியில் கூரியர்காரரும் "மச்சான், இங்க ஒரு கையெழுத்து" என்று நீட்டும் அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு வருடமாக அவர் பார்த்த வேலைகள்: துடைப்பது, பிடித்துக்கொள்வது, டார்ச் அடிப்பது. டார்ச்சையும் சில சமயம் வேறு இடத்தில் அடித்துவிடுவார்.

கார் பழையது, இரண்டு கதவு. வெயிலுக்குக் கூரையைக் கழற்றிவிட்டுத் திறந்தபடி ஓட்டலாம், மழைக்கு மாட்டிக்கொள்ளலாம். கறுப்பு ரெக்ஸின் போர்த்திய இரும்புக் கூரை. ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கம்பி, எஸ் எழுத்தைச் சாய்த்து வைத்ததுபோல. குதிரை வண்டிக் காலத்தில் கூரையை மடக்க அந்தக் கம்பி உண்மையிலேயே தேவைப்பட்டதாம். குதிரை போயிற்று, மடங்கும் கூரையும் போயிற்று. கம்பி மட்டும் வேலையே இல்லாமல் அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து மச்சானுக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம். இந்தப் பட்டறையில் தன்னுடைய உத்தியோகமும் ஏறக்குறைய அதுதானே.

போன வாரம் அவருடைய மனைவி தம்பியைப் பிடித்துக் கேட்டுவிட்டாள். "அவருக்கும் ஒரு வேலைய முழுசாக் குடேன்டா."

"சரி மச்சான், இந்தக் கூரை உங்களோடது. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றான் முதலாளி.

எட்டிப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

முந்தாநாள் இடதுபக்கக் கம்பிக்குக் காகிதத்தில் அளவு வரைந்து, ஒட்டி, துளை போட்டார். பிசகில்லை. நேற்று உள்துணி ஒட்டுவதற்காகக் கூரையைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கவிழ்ந்த கூரையின் வலதுபக்கம் முந்தாநாள் பார்த்த இடதுபக்கம் போலவே இருந்தது; முன்பகுதி அவருடைய இடது கைப்பக்கம். அவரும் காகிதத்தைத் திருப்பாமல் அப்படியே ஒட்டித் துளை போட்டுவிட்டார். இன்று காலை கூரையைக் காரில் ஏற்றிக் கம்பிகளை முடுக்கிய பிறகுதான் தெரிந்தது. இடதுபக்கக் கம்பி சாய்வு நாற்காலியில் படுத்தவர்போல் பின்னால் சாய்ந்திருக்கிறது. வலதுபக்கக் கம்பி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது. கழற்றி மாற்றினால் பழைய துளைகள் பல்லைக் காட்டும். ரெக்ஸினை உரித்துப் புதிதாகப் போர்த்த வேண்டும், ஒரு வாரம்.

ஆனால் ஒரு மனிதனால் ஒரு காரின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் மச்சான் மதியம்வரை தள்ளினார். முதலாளியும் இடதுபக்கமாக வந்து பார்த்துவிட்டு, "பட்டையக் கெளப்பிட்டீங்க மச்சான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். தட்டிய இடம் இன்னும் உறுத்தியது.

மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"குரல் ஏன் பல்வலி வந்தவன் மாதிரி இருக்கு?"

மச்சான் போனை வைத்துவிட்டார். காரின் சொந்தக்காரி பல் டாக்டர். முப்பத்தைந்து வருடம் ஊரார் வாய்க்குள் குட்டிக் கண்ணாடியை விட்டு, ஒரு நூல் விலகியிருந்தாலும் கண்டுபிடித்தவர்.

நான்கு மணிக்கு வந்தார். வெளிச்சத்தில் பார்க்கட்டும் என்று காரைத் தெருவுக்குத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். இடதுபக்கம் பார்த்தார். தலையசைத்தார். மச்சான் இடதுபக்கமே நின்றுகொண்டார். டாக்டரம்மா சுற்றிக்கொண்டு வலதுபக்கம் போய்க் கம்பியின் வளைவை ஒரு விரலால் நீவினார்.

"யார் செஞ்சது?"

"எங்க மச்சான்தான் டாக்டர். முழுக்க முழுக்க அவரேதான்" என்றான் முதலாளி. அவன் குரலில் இருந்த பெருமையை மச்சான் இதற்குமுன் கேட்டதில்லை.

டாக்டரம்மா கூரைக்கு மேலாக மச்சானைப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப அழகா இருக்குங்க. இந்த வயசுல எதுக்குடி உனக்கு இதெல்லாம்னு எங்க அக்கா கேட்டா. நாளைக்குக் காலைல அவ வீட்டு வாசல்ல போய் ஹார்ன் அடிக்கப் போறேன்."

சிரித்தால் போதும். சாவியைக் கொடுத்தால் போதும். மச்சானும் சிரிக்கத்தான் நிமிர்ந்தார்.

அப்போதுதான் டாக்டரம்மாவுக்குப் பின்னால், எதிர்ச்சாரியில் இருந்த சோபாக் கடையின் அகலமான கண்ணாடி கண்ணில் பட்டது. அதற்குள் காரின் வலதுபக்கம் முழுசாகத் தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கம்பி சாய்ந்து படுத்திருக்க, அங்கே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும், ஒரே நேரத்தில். தெருவில் இவ்வளவு கடை இருக்க, சோபா விற்கிறவன்தானா கிடைத்தான் என்று நொந்துகொண்டார்.

டாக்டரம்மா கைப்பையைத் திறந்தார். முதலாளி சாவியை எடுத்துவரத் திரும்பினான்.

"டாக்டரம்மா," என்றார் மச்சான். "ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க. நான் நிக்கிற எடத்துல நின்னு பாருங்க."

"என்ன மச்சான்?" என்றான் முதலாளி.

"நீயும் வா மாப்ள."

மச்சான் ஓரடி தள்ளி நின்று இடம் விட்டார். டாக்டரம்மா சுற்றி வந்து அங்கே நின்றார். கடைக் கண்ணாடியில் கூரைக்கு மேலே மூன்று தலைகள் தெரிந்தன. கண்ணாடியைக் கண்டதும் யாருக்கும் போகிறதுபோல டாக்டரம்மாவின் கை தானாகக் காதோரம் போய், பறந்துகொண்டிருந்த நரைமுடியை ஒதுக்கியது.

ஒதுக்கிய கை, கண்ணாடிக்குள் ஓடிய கம்பியைக் கண்டதும், அங்கேயே நின்றது.