திருப்பி அனுப்பும் காரணம்

அந்தக் கட்டடம் மேலே போகப் போக வெளுத்துக்கொண்டே போகும். கீழ்த்தளக் கிடங்கில் கறுப்பு முகங்கள், நடுவில் கொஞ்சம் மாநிறம், மூன்றாம் தளத்தில் சோப்புப் போட்டு அலசிய மாதிரி ஒரே வெள்ளை. திரைச்சீலையும் தரைவிரிப்பும் விற்கிற கம்பெனி. நிறம் பிரிப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை.

கிடங்கில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பதினாறு வருஷமாகச் சரக்கோடு போகிற சலான் எழுதுகிறவளை எல்லோரும் சலான் அக்கா என்றார்கள். மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த குடும்பம். இன்னமும் “உங்க ஊர்ல எல்லாம் எப்படி?” என்று விசாரிப்பார்கள். அவள் ஊர் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது. கால்கள் ஐந்து வயதுக் காய்ச்சலோடு போயின.

“கறுப்பு, பொம்பளை, நாற்காலி. மூணையும் ஒரே பார்சல்ல கட்டி அனுப்பிட்டான்” என்று கடவுளைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்கள் சொல்வதற்குள் முந்திக்கொண்டால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்று ஒரு கணக்கு. கணக்கு பெரும்பாலும் தப்பும்.

கிடங்கு சூப்பர்வைசர் வேலைக்கு அவளுக்கு இது மூன்றாவது நேர்காணல். முந்தைய இரண்டு முறையும், அன்றைக்கென்று பார்த்து, ஆட்கள் போகிற லிஃப்டுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பதினொரு மணிக்கு மூன்றாம் தளத்தில் இல்லாதவர் பெயர் அடிக்கப்படும். மூன்று தடவை அடித்தால் அப்புறம் விண்ணப்பிக்கவே முடியாது. “உனக்கே அக்கறை இல்லையேம்மா” என்று போன முறை மேனேஜர் வந்து வருத்தப்பட்டார். கீழே வந்து வருத்தப்பட மட்டும் அவருக்கு லிஃப்ட் ஓடியது.

இன்றும் லிஃப்ட் கதவில் ‘பழுது’ பலகை. அவளிடம் சலான் எழுதக் கற்றுக்கொண்ட நெட்டைதான் போட்டிக்கு நின்றவன். படிக்கட்டருகே தலையைச் சொறிந்தான்.

“அக்கா, வேணும்னா தூக்கிட்டுப் போகட்டுமா?”

“தூக்கிட்டுப் போய் எங்கடா வைப்ப, உன் மடியிலயா? போ, நேரமாச்சு.”

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனான். விட்டது தொல்லை என்கிற வேகம் அதில் இருந்தது.

அவள் சரக்கு லிஃப்ட் பக்கம் நாற்காலியை உருட்டினாள். லிஃப்ட்காரர் குறுக்கே வந்து, மேலே இருந்த பலகையைக் காட்டினார். ஆட்கள் ஏறக் கூடாது. சலான் இல்லாத சரக்கும் ஏறாது.

“ஆளை ஏத்தினா என் வேலை போயிடும்மா.”

“ஆளை யாருண்ணே ஏத்தச் சொன்னா? சரக்கை ஏத்துங்க.”

மடியில் புத்தகத்தை விரித்து எழுதினாள். சரக்கு: கிடங்கு சூப்பர்வைசர். எண்ணிக்கை: ஒன்று. எடை: நாற்காலியோடு எழுபத்தைந்து கிலோ. எடையில் நாலு கிலோவை அமுக்கிவிட்டாள். பதினாறு வருஷத்தில் அவள் எழுதிய ஒரே பொய்ச் சலான். லிஃப்ட்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு கம்பிக் கதவை இழுத்தார்.

மூன்றாம் தளத்தில் நிர்வாக மேடம் போனில் பேசிக்கொண்டே, நீட்டிய சலானில் கையெழுத்துப் போட்டார். சலானைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது அந்தத் தளத்தில் கௌரவக் குறைச்சல். சலானின் பச்சைப் பிரதி வழக்கம்போலத் தலைமை அலுவலகப் பையில் விழுந்து, அரை மணியில் கிளம்பிப் போனது.

மேனேஜர் அவளைப் பார்த்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு. வயிற்றுவலிக்காரர் போல முகம் சுருங்கியது.

“லாரிக்காரங்க முரட்டுப் பசங்கம்மா. ஒரு பொம்பளை பேச்சைக் கேப்பாங்களா?”

“இப்ப யார் பேச்சைக் கேட்டு சார் லாரி நிக்குது?”

“அதில்ல. வெளியூர் வியாபாரிங்க வர்றப்ப, முன்னாடி நிக்கிற முகம்னு ஒண்ணு இருக்கில்ல. புரியுதா?”

“புரியுது சார். பதினாறு வருஷமா புரியுது.”

மேடம் அவசரமாக உள்ளே புகுந்தார். “நாங்க பாகுபாடே பார்க்கிறதில்லம்மா. காலண்டர்ல உன் போட்டோவத்தான போட்டோம்?”

“போட்டீங்க மேடம். நாற்காலி முழுசா வந்திருந்துச்சு. தலைதான் பாதி இல்ல.”

மேனேஜர் தாள்களைத் தட்டி அடுக்கினார். “சரி, தெரியப்படுத்தறோம். நீ கிளம்பு.”

“கிளம்ப முடியாது சார். சரக்கா வந்திருக்கேன். திருப்பி அனுப்பறதுன்னா காரணம் எழுதணும்.”

சலானைத் திருப்பி மேசையில் வைத்தாள். பின்பக்கம் நான்கு கட்டங்கள்: அளவு சரியில்லை. நிறம் வேறு. சேதம். கேட்ட வகை இதுவல்ல. அடியில் பொடி எழுத்தில், மாலை மணி அடிப்பதற்குள் காரணம் குறித்துத் திருப்பி அனுப்பாத சரக்கு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று இருந்தது.

“ஒரு டிக் போட்டா போதும் சார். எதுன்னு நீங்களே போடுங்க.”

மேனேஜர் பேனாவைத் திறந்தார். ‘சேதம்’ மேல் கொண்டுபோய், அவள் கால்களைப் பார்த்து, இழுத்துக்கொண்டார். ‘நிறம்’ பக்கம் நகர்ந்தது பேனா, மேடம் இருமினார். ‘வகை’யின் மேல் கொஞ்ச நேரம் வட்டமிட்டது. இத்தனை வருஷமாக மனசுக்குள் சளைக்காமல் டிக் போட்ட கைக்கு, காகிதத்தில் போட வந்ததும் வாதம் வந்துவிட்டது. எழுத்தில் மாட்டாத வரைக்கும்தான் இவர்களுக்கு வீரம்.

“இது என்ன விளையாட்டு?” என்று கத்தினார். நெட்டையைக் கூப்பிட்டு அவனையும் கேள்வி கேட்டார். அவன் மூன்றாவது கேள்விக்கு, “அது அக்காவுக்குத்தான் சார் தெரியும்” என்றான். அவனை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார், வந்தார். அவள் அதே இடத்தில் இருந்தாள். உட்கார்ந்திருப்பதில் அவளை ஜெயிக்க அந்தக் கட்டடத்தில் ஆளில்லை.

நாலே முக்காலுக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே இருந்த குமாஸ்தா பச்சைப் பிரதியைத் தேடி எடுத்தான். “மேடம் கையெழுத்து இருக்கே சார். திருப்பி அனுப்பறீங்களா? காரணம் என்னன்னு குறிச்சிக்கட்டும்?” மேனேஜர் போனைச் சூடான தோசைக்கல்லைப் போலக் கீழே வைத்தார்.

ஐந்துக்கு மணி அடித்தது. வீட்டுக்குப் போகிற நேரம் வந்ததும் ஆட்கள் லிஃப்டும் குணமாகிவிட்டது.

“ஆறு மாசம் பார்க்கலாம்” என்று சுவரிடம் சொன்னார் மேனேஜர். நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அப்புறம் அவருக்கே பழக்கமில்லாத ஒரு குரலில், “இந்த லிஃப்ட்லயே வாயேன்” என்றார்.

“வேணாம் சார். அது எப்ப படுத்துக்கும்னு சொல்ல முடியாது.”

சரக்கு லிஃப்டில் லிஃப்ட்காரர் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றார். “கீழ போகவும் சலான் வேணுமேம்மா? சூப்பர்வைசர் கையெழுத்தோட?”

அவள் மடியில் புத்தகத்தை விரித்தாள். காலையில் அமுக்கிய நாலு கிலோவையும் சேர்த்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.